திரையில் கோடி, கையில் சில டாலர்: ஸ்லாட் மெஷின் ஜாக்பாட் ஏன் செல்லாமல் போகிறது?

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் உள்ள ரிசார்ட்ஸ் வேர்ல்ட் கேசினோவில், 2016 ஆகஸ்டில் ஒரு பெண், காசு போட்டுச் சக்கரம் சுழற்றும் சூதாட்ட இயந்திரமான ஸ்லாட் மெஷினில் விளையாடிக்கொண்டிருந்தார். திடீரென்று திரையில் 4,29,49,672.76 டாலர் என்று வந்தது. இயந்திரத்தில் கோளாறு, உங்களுக்கு உண்மையில் விழுந்தது 2.25 டாலர்தான் என்று கேசினோ சொன்னது. அந்தச் சில்லறையோடு ஒரு இரவு உணவும் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர் வழக்குப் போட்டார்.

இதே மாதிரிச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. படிப்பவர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப்போகிறார்கள்: நான் தோற்றபோது இயந்திரம் சரியாக இருந்ததா என்று யாராவது சோதித்தார்களா? இன்னொரு பகுதியினர், அவ்வளவு தொகையைத் தருவதாக அந்த இயந்திரம் எப்போது சொன்னது என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், தன்மையில் வெவ்வேறான பல சம்பவங்களுக்கு “கோளாறு” என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால், எந்த வழக்கில் கேசினோ பக்கம் நியாயம், எதில் ஆட்டக்காரர் பக்கம் நியாயம் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

முதலில் இயந்திரத்திலிருந்து தொடங்குவோம்.

## சக்கரம் முடிவு செய்வதில்லை

பழைய ஸ்லாட் மெஷினில் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் இருந்தன. கைப்பிடியை இழுத்தால் சக்கரங்கள் சுழலும், எங்கே நிற்கிறதோ அதுதான் முடிவு. இன்றைய இயந்திரம் வேறு ஜாதி. அதில் நடப்பது இதுதான்:

1. இயந்திரத்துக்குள் இருக்கும் ஒரு நிரல் இடைவிடாமல் ரேண்டம் எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. யாரும் விளையாடாதபோதும் இது ஓடும்.

2. பொத்தானை அழுத்தும் கணத்தில் அந்த எண்களில் சிலவற்றை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. ஆட்டத்தின் முடிவு அப்போதே தீர்ந்துவிட்டது.

3. எடுத்த எண்கள் எந்தச் சின்னங்களுக்கு உரியவை என்று ஓர் அட்டவணையில் பார்க்கிறது. அந்தச் சின்னங்களின் சேர்க்கைக்கு எவ்வளவு பரிசு என்று பரிசு அட்டவணையில் பார்க்கிறது.

4. அதற்கு அப்புறம்தான் திரையில் சக்கரம் சுழல்கிறது. ஏற்கனவே எடுத்த முடிவை நமக்குக் காட்டும் வேலை மட்டுமே அதற்கு.

இந்த அமைப்புக்கு வழி திறந்தது 1984-ல் இங்கெ டெல்னஸ் (Inge Telnaes) என்பவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை. சக்கரத்தில் இருபத்துச் சொச்சம் இடங்களே இருந்தாலும், கணினிக்குள் இருக்கும் கற்பனைச் சக்கரத்தில் எத்தனை இடங்கள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பெரிய பரிசுகள் மிக அரிதாக விழும்படி அமைக்க முடிந்ததும், பெரிய தொகைகளை அறிவிக்க முடிந்ததும் இதனால்தான்.

தகராறுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பதிவுகள் உண்டு. ஒன்று, இயந்திரத்தின் நினைவகத்தில் அல்லது சர்வரில் உள்ள பதிவு. இன்னொன்று, ஆட்டக்காரரின் கண்முன் தெரியும் காட்சி. ஆயிரம் ஆட்டங்களில் ஆயிரத்திலும் இரண்டும் ஒத்துப்போகும். என்றோ ஒரு நாள் ஒத்துப்போகாதபோது, எது “முடிவு”? கேசினோ உள்ளே இருக்கும் பதிவைக் காட்டும். ஆட்டக்காரர் திரையைக் காட்டுவார், ஏனென்றால் அவரிடம் இருப்பது அது மட்டும்தான்.

## 4,29,49,672 எங்கிருந்து வந்தது?

குயின்ஸ் சம்பவத்தின் தொகையை இன்னொரு முறை பாருங்கள். 2010-ல் கொலராடோ மாநிலத்தின் சென்ட்ரல் சிட்டியில் ஒரு கேசினோவில் நடந்த தகராறிலும் தொகை 4.29 கோடி டாலர்தான். 2011-ல் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரில் ஒருவருக்குத் திரையில் வந்தது ஏறத்தாழ 4.3 கோடி யூரோ. வேறு நாடு, வேறு நாணயம், ஆனால் எண் மட்டும் கிட்டத்தட்ட அதே. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

கணினி எண்களை 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதுகிறது. ஒவ்வொரு குறிக்கான இடமும் ஒரு பிட். ஓர் எண்ணை எழுத 32 பிட் ஒதுக்குவது பல காலமாக வழக்கம். 2-ஐ 32 முறை பெருக்கினால் 4,29,49,67,296 வரும். அதாவது 32 பிட்டில் 0 முதல் 4,29,49,67,295 வரை எழுதலாம், அதற்கு மேல் இடம் இல்லை.

ஸ்லாட் மெஷின் தன் கணக்கை டாலரில் வைத்துக்கொள்வதில்லை, சென்ட்டில் வைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன எல்லையை சென்ட்டாக எடுத்து டாலருக்கு மாற்றினால் 4,29,49,672.95 டாலர். செய்திகளில் வரும் அந்த 4.29 கோடி இதுதான். இயந்திரத்தின் எண்பெட்டி தாங்கக்கூடிய உச்ச அளவு அது.

சரி, ஒரு சாதாரண ஆட்டத்தில் கணக்கு ஏன் உச்சத்துக்குப் போகிறது? மேலே ஏறி அல்ல, கீழே இறங்கித்தான் போகிறது. கழித்தல் குறி இல்லாத எண்பெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழே போக இடமில்லை. பழைய வண்டியின் கிலோமீட்டர் காட்டியைப் பின்னோக்கிச் சுற்றினால் 00000-க்கு அடுத்து 99999 வருமே, அதுபோல பூஜ்யத்துக்கு ஒரு படி கீழே போனதும் எண் உச்சிக்குத் தாவிவிடும்.

குயின்ஸ் தொகையில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 4,29,49,67,296-லிருந்து 20-ஐக் கழித்தால் 4,29,49,67,276. டாலரில் எழுதினால் 4,29,49,672.76. திரையில் வந்தது காசு மாறாமல் இதே தொகை. “கழித்தல் 20 சென்ட்” என்ற எண் கழித்தல் குறியைத் தாங்காத பெட்டிக்குள் போனால் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் தெரிந்திருக்கிறது. எந்த ஆய்வறிக்கையும் இல்லாமலே, தொகையிலிருந்தே நாம் எட்டக்கூடிய முடிவு இது.

ஒப்பிடுவதற்கு இன்னொரு எண்ணும் இருக்கிறது. மெகாபக்ஸ் என்பது நெவாடா மாநிலம் முழுவதும் உள்ள பல கேசினோக்களின் இயந்திரங்களை இணைத்து 1986-ல் தொடங்கிய ஜாக்பாட். ஒவ்வொருவர் பந்தயத்திலிருந்தும் ஒரு சிறு பங்கு பொதுத் தொகையில் சேர்ந்துகொண்டே போகும். இப்படி வளரும் பரிசுக்கு புரொக்ரெஸிவ் ஜாக்பாட் என்று பெயர். அந்த மெகாபக்ஸே கொடுத்த மிகப் பெரிய தொகை, 2003-ல் லாஸ் வேகாஸின் எக்ஸ்காலிபரில் விழுந்த ஏறத்தாழ 3.97 கோடி டாலர். குயின்ஸ் இயந்திரம் தரக்கூடிய அதிகபட்சப் பரிசோ வெறும் 6,500 டாலர். அந்த இயந்திரத்தில் எந்தச் சின்னங்கள் எப்படிச் சேர்ந்தாலும் 4.29 கோடி விழ வழியே இல்லை.

ஆகவே இந்த வகைச் சம்பவங்களில் கேசினோ பொய் சொல்கிறது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணின் ஏமாற்றம் உண்மையானது. சில நிமிடங்கள் அவர் அதை நம்பியிருப்பார், குடும்பத்துக்கு என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசித்திருப்பார். அந்த வலிக்கு ஓர் இரவு உணவு விலை என்று நினைத்தது மனிதத்தன்மை இல்லாத செயல். ஆனாலும் அது பரிசு அல்ல.

## “கோளாறு ஏற்பட்டால் செல்லாது” என்றால் என்ன?

அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லா ஸ்லாட் மெஷின்களிலும் ஒரு வாசகம் ஒட்டியிருக்கும்: இயந்திரத்தில் கோளாறு ஏற்பட்டால் எல்லாப் பரிசுகளும் ஆட்டங்களும் செல்லாது. கேசினோக்கள் தகராறு வந்ததும் முதலில் விரல் நீட்டுவது இதை நோக்கித்தான்.

சட்டத்தின் பார்வையில் பந்தயம் என்பது ஓர் ஒப்பந்தம். காசைப் போட்டு பொத்தானை அழுத்துவதன் மூலம் ஆட்டக்காரர் அதில் சேருகிறார். அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி, ஒப்பந்தத்தில் என்னவெல்லாம் அடங்கும் என்பது. இதற்கு மிகத் தெளிவாகப் பதில் சொன்ன தீர்ப்பு அயோவா மாநில உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது.

2011-ல் அயோவாவின் வாட்டர்லூ நகரில் ஐல் கேசினோவில் 87 வயது மூதாட்டி ஒருவர் ‘மிஸ் கிட்டி’ என்ற ஒரு சென்ட் இயந்திரத்தில் விளையாடினார். ஓர் ஆட்டத்தில் அவருக்கு விழுந்தது 1.85 டாலர். அதோடு திரையில் ஒரு செய்தியும் வந்தது: போனஸ் 4,17,97,550.16 டாலர். மாநில ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்தது. சுயேச்சையான ஆய்வகம் ஒன்று இயந்திரத்தைச் சோதித்து, போனஸ் செய்தி பிழையானது என்றது. மூதாட்டி வழக்குத் தொடுத்தார். 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பை “கோளாறு வாசகம் ஜெயித்துவிட்டது” என்று பலர் சுருக்கிச் சொல்கிறார்கள். அது சரியல்ல. நீதிமன்றம் நின்றது ஆட்டத்தின் விதிகள்மேல்:

1. ஆட்டத்தின் விதிகளே இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒரு பொத்தானைத் தொட்டால் அவை திரையில் வரும். அவர் படித்துப் பார்க்கவில்லை என்றாலும் படிக்க வாய்ப்பு இருந்தது, அது போதும்.

2. அந்த விதிகளில் போனஸ் என்ற ஒன்றே இல்லை. எந்தச் சின்னச் சேர்க்கைக்கு எவ்வளவு என்று மட்டுமே இருந்தது. இல்லாத ஒன்றை ஒப்பந்தத்தின் பெயரில் கேட்க முடியாது.

3. திரையில் வந்த செய்தியை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. பிழையாக வந்த செய்தி யாருடைய வாக்கும் அல்ல.

இதில் என்னை உறுத்தும் விவரம் ஒன்று உண்டு. இயந்திரத்தைத் தயாரித்த அரிஸ்டோகிராட் நிறுவனம், இப்படிப் பிழையான போனஸ் செய்திகள் வரக்கூடும் என்று 2010-லேயே கேசினோக்களுக்குக் குறிப்பு அனுப்பியிருந்தது, போனஸ் வசதியை அணைத்துவைக்கும்படியும் சொல்லியிருந்தது. எச்சரிக்கை கிடைத்த பிறகும் இயந்திரத்தைக் கூடத்தில் ஓடவிட்ட கேசினோவுக்கு எந்த விலையும் இல்லை என்பது சரியாகப் படவில்லை. 4 கோடி டாலர் கொடுக்க வேண்டியதில்லை, ஒத்துக்கொள்கிறேன். அலட்சியத்துக்கு ஓர் அபராதமாவது இருக்க வேண்டாமா?

அந்த வாசகத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பரிசுகள் மட்டுமல்ல, ஆட்டங்களும் செல்லாது என்று அது சொல்கிறது. அப்படியென்றால் கோளாறான இயந்திரத்தில் போட்ட பந்தயமும் செல்லாது, அந்தக் காசு திரும்பி வர வேண்டும். பரிசு விழுந்த ஆட்டத்தில் கோளாறு என்றால் உடனே ஆள் வந்து இயந்திரத்தைத் திறக்கிறார். அதே கோளாறு அதற்கு முந்தைய வாரம் முழுக்க அந்த இயந்திரத்தில் இருந்திருந்தால்? அந்த வாரம் அதில் தோற்றவர்களைத் தேடி யாரும் போவதில்லை. வாசகம் இரு தரப்புக்கும் பொது. ஆனால் அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு கேசினோவுக்குத்தான் இருக்கிறது.

## விதியில் இருக்கும் பரிசும் செல்லாமல் போகுமா?

இதுவரை பார்த்தவை இயந்திரம் தரவே முடியாத தொகைகள். இனி வருவது வேறு வகை. பரிசு அட்டவணையில் உள்ள, விளம்பரத்தில் காட்டிய, யாருக்காவது விழ வேண்டிய அதே பரிசு ஒருவருக்கு விழுந்ததாகத் திரை காட்டுகிறது. அப்புறம் நிறுவனம் “அது பிழை” என்கிறது. கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது இந்த வகையைத்தான். இங்கிலாந்தின் இரண்டு தீர்ப்புகள் இதில் முக்கியமானவை.

இங்கிலாந்தில் 1845-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி பந்தய ஒப்பந்தங்களை நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாமல் இருந்தது. ஜெயித்தவருக்குப் பணம் தராவிட்டால் அது மானப் பிரச்சினையாக மட்டுமே இருந்தது. 2005-ஆம் ஆண்டின் புதிய சட்டம் இதை மாற்றியது, 2007 செப்டம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் கீழே வரும் வழக்குகளே சாத்தியமாயின.

முதல் வழக்கு. 2018 ஜனவரியில் ஒருவர் பெட்ஃப்ரெட் நிறுவனத்தின் ஆன்லைன் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் சில மணி நேரம் விளையாடி 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஜெயித்தார். அவர் கணக்கில் அந்தத் தொகை ஏறியும் இருந்தது. சில நாட்களில் நிறுவனம் மறுத்துவிட்டது: மென்பொருள் பிழையால் ஆட்டம் தரவேண்டியதைவிடத் தாராளமாகக் கொடுத்துவிட்டது, கோளாறு ஏற்பட்டால் பரிசு செல்லாது என்று விதிமுறைகளில் இருக்கிறது. லண்டன் உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் முழு விசாரணைக்கே போகாமல் ஆட்டக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிறுவனம் சார்ந்து நின்ற விதிகள் தெளிவாக எழுதப்படவில்லை, ஆட்டக்காரரின் கவனத்துக்கு முறையாகக் கொண்டுவரப்படவும் இல்லை. பக்கம் பக்கமாக நீளும் விதிமுறைகளுக்கு நடுவே புதைத்துவைத்த ஒரு வரியைக் காட்டி, ஜெயித்த பணத்தை முழுக்க மறுக்க முடியாது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை.

இரண்டாவது வழக்கு. இது ஸ்லாட் மெஷினின் இரண்டு பதிவுகள் பற்றிய கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. 2020 அக்டோபரில் ஒரு பெண் பேடி பவர் நிறுவனத்தின் ‘வைல்ட் ஹேட்டர்’ ஆட்டத்தை விளையாடினார். சக்கரம் சுழன்று ‘மான்ஸ்டர் ஜாக்பாட்’ என்ற இடத்தில் நின்றது. தொகை 10,97,132.71 பவுண்டு. நிறுவனம் கொடுத்ததோ 20,265.14 பவுண்டு. உள்ளே சர்வர் எடுத்த முடிவு ‘டெய்லி ஜாக்பாட்’ என்ற சிறிய பரிசு, அதைத் திரைக்காட்சியோடு இணைத்த நிரலில் மனிதப் பிழை, அதனால் படம் தவறாகக் காட்டியது என்றார்கள். திரைக்கும் சர்வருக்கும் முரண் வந்தால் சர்வர் பதிவே செல்லும் என்று பொது விதிமுறைகளில் எழுதியிருப்பதையும் காட்டினார்கள்.

2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கே தீர்ப்புச் சொன்னது. நீதிபதியின் தர்க்கம் எளிமையானது. இந்த ஆட்டத்தின் சொந்த விதிகள், சக்கரம் எங்கே நிற்கிறதோ அந்த ஜாக்பாட் கிடைக்கும் என்று சொல்கின்றன. ஆட்டத்துக்கென்றே எழுதிய விதிக்கும் எல்லா ஆட்டத்துக்கும் பொதுவாக எழுதிய விதிக்கும் முரண் வந்தால் முன்னதுதான் செல்லும். அதுபோக, தன் நிரலில் தான் செய்த பிழையின் சுமை முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் ஏற்றும் விதி மிகக் கடுமையானது. அதைப் பளிச்சென்று காட்டாமல் அமல்படுத்த முடியாது.

அயோவாத் தீர்ப்பும் இங்கிலாந்துத் தீர்ப்பும் எதிரெதிரானவை போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: ஆட்டத்தின் விதி என்ன தருவதாகச் சொன்னது? அயோவாவில் விதி அந்தப் போனஸைச் சொல்லவே இல்லை. வைல்ட் ஹேட்டரில் விதி அந்த ஜாக்பாட்டைத்தான் சொன்னது. என் பார்வையில் இந்தத் தகராறுகளை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. “கோளாறு நடந்ததா” என்ற கேள்வி அதற்கு அடுத்துத்தான் வர வேண்டும்.

## இடையில் நிற்கும் வகை: டில்ட்

இந்தப் பிரிவுக்குள் சுலபமாக அடங்காத சம்பவங்களும் உண்டு. முன்காலத்தில் இயந்திரத்தைச் சாய்த்து ஏமாற்றுபவர்களைப் பிடிக்க உள்ளே ஓர் உணர்வி இருந்தது, அது தட்டுப்பட்டால் ‘டில்ட்’ என்று விளக்கெரியும். இன்று எந்தப் பிழை வந்தாலும் அதே பெயர்தான். உண்மையான சக்கரங்கள் உள்ள இயந்திரத்தில், சக்கரம் நிற்க வேண்டிய இடத்தையும் நின்ற இடத்தையும் உணர்விகள் ஒப்பிடுகின்றன. இரண்டும் பொருந்தாவிட்டால் அது ‘ரீல் டில்ட்’.

2024 பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டியின் பாலிஸ் கேசினோவில் ஒரு பெண்ணின் இயந்திரம் ஏறத்தாழ 12.8 லட்சம் டாலர் ஜாக்பாட்டைக் காட்டியது, கூடவே டில்ட் செய்தியும் வந்தது. 350 டாலர் தருவதாகச் சொன்னார்கள் என்பது அவர் தரப்பு. இங்கே தொகை நடக்கக்கூடிய ஒன்று, ஆனால் இயந்திரமே பிழை என்று கொடி காட்டியிருக்கிறது. இதில் யார் சரி என்பது ஒரே விஷயத்தைப் பொறுத்தது: அந்த நொடியில் ரேண்டம் எண்கள் எந்தச் சின்னங்களைத் தேர்ந்தெடுத்தன என்ற பதிவு. ஆய்வகங்கள் பின்பற்றும் ஜி.எல்.ஐ-11 என்ற தரநிலை, அண்மைய பல ஆட்டங்களின் விவரத்தை இயந்திரம் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பதிவு இருக்கிறது. யார் கையில் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

## இயந்திரத்தைத் திறப்பது யார்?

நெவாடாவில் இதற்கு எழுதப்பட்ட முறை உண்டு:

1. தகராறுத் தொகை 500 டாலரோ அதற்கு மேலோ இருந்து, இருவரும் ஒத்துப்போகாவிட்டால், கேசினோ உடனே கேமிங் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் குறைவென்றால், விசாரணை கோரும் உரிமை உண்டு என்பதை ஆட்டக்காரருக்குச் சொல்ல வேண்டும்.

2. வாரியத்தின் அலுவலர் விசாரித்து 45 நாட்களுக்குள் முடிவு சொல்வார்.

3. அதில் திருப்தி இல்லாதவர் 20 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அங்கே முடிவு தவறு என்று காட்டும் பொறுப்பு கேட்பவருடையது.

4. அதற்கும் மேல் நீதிமன்றம்.

மூன்றாவது படியில்தான் எடை ஒரு பக்கமாகச் சாய்கிறது. இயந்திரம், பதிவுகள், கேமராக் காட்சி, பொறியாளர்கள் எல்லாம் ஒரு தரப்பிடம். நிரூபிக்கும் சுமை மறுதரப்பிடம், அவரிடம் இருப்பது கைப்பேசியில் எடுத்த ஒரு படம். “கோளாறு” என்று சொல்பவர்தான் கோளாறை நிரூபிக்க வேண்டும், அதுவும் ஆட்டக்காரர் அமர்த்தும் நிபுணரும் பார்க்கும்படி நிரூபிக்க வேண்டும் என்பதே நியாயமான ஏற்பாடு.

ஒழுங்குமுறை வாரியம் ஒழுங்காக வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நெவாடாவிலேயே சான்று இருக்கிறது. 2022 ஜனவரி 8-ஆம் தேதி லாஸ் வேகாஸின் டிரெஷர் ஐலண்டில் ஒரு சுற்றுலாப் பயணிக்கு 2,29,368.52 டாலர் ஜாக்பாட் விழுந்தது. தகவல் தொடர்புப் பிழையால் இயந்திரம் அதைக் காட்டவில்லை. அவருக்கும் தெரியவில்லை, ஊழியர்களுக்கும் தெரியவில்லை, அவர் ஊருக்குப் போய்விட்டார். வாரியம் பல கேசினோக்களின் கேமராக் காட்சிகளை அலசி, செயலிவழி டாக்ஸி நிறுவனத்தின் விவரங்கள்வரை தேடி, அவரை அரிசோனாவில் கண்டுபிடித்துப் பணம் கிடைக்கச் செய்தது. திரை எதையும் காட்டாதபோதும் உள்ளே இருந்த பதிவுப்படி பரிசு கொடுக்கப்பட்டது. உள்பதிவே இறுதி என்ற கொள்கை இரண்டு பக்கமும் வெட்டும்போது அதற்கு ஒரு நேர்மை வருகிறது.

## பழங்குடி நிலங்களில் கதவு இன்னும் குறுகல்

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கேசினோக்களைப் பூர்வகுடி இனங்கள் நடத்துகின்றன. 1988-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் இதற்கு அடிப்படை. பூர்வகுடி இனம் இறையாண்மை உள்ள அரசு என்பதால், அதன் சம்மதம் இல்லாமல் அதன்மேல் வழக்குப் போட முடியாது.

2006-ல் நியூ மெக்சிகோவின் சாண்டியா கேசினோவில் ஓர் இயந்திரம் 15,97,244.10 டாலர் என்று காட்டியது. அதன் உச்சப் பரிசு 2,500 டாலர் என்று கேசினோ மறுத்தது. மாநிலத்தோடு செய்த உடன்படிக்கையில், உடல் காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் மட்டும் வழக்கை ஏற்பதாக அந்த இனம் ஒப்புக்கொண்டிருந்தது. கிடைக்காத ஜாக்பாட்டும் சொத்துச் சேதம்தான் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

2010-ல் அலபாமாவின் வின்ட் கிரீக் மான்ட்கோமரியில் 5 டாலர் பந்தயத்துக்கு 13,77,015.30 டாலர் காட்டிய சம்பவமும் 2017-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் இதேபோல் முடிந்தது. இயந்திரம் சரியா தவறா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. அங்குள்ள இயந்திரங்கள் உள்ளுக்குள் பிங்கோ (குலுக்கலில் வரும் எண்களை அட்டையில் அடிக்கும்) ஆட்டங்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. பிங்கோவில் வந்த முடிவைச் சக்கரமாகக் காட்டுவது அலங்காரம் மட்டுமே, ஆக திரைக்கும் முடிவுக்கும் இடையிலான தூரம் அங்கே இன்னும் அதிகம்.

பூர்வகுடிகளின் இறையாண்மை வரலாற்று அநீதிகளுக்கு நடுவே காப்பாற்றப்பட்ட உரிமை. அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாநிலங்களோடு உடன்படிக்கை எழுதும்போதே, ஜாக்பாட் தகராறுகளை வெளியார் ஒருவர் தீர்க்கும் பிரிவைச் சேர்த்தால் இரண்டு நியாயங்களும் நிற்கும்.

## தகராறு வந்தால் என்ன செய்வது?

பெரிய தொகை திரையில் வந்து “கோளாறு” என்று யாராவது சொன்னால், நடைமுறையில் உதவுபவை இவை:

1. அதே இயந்திரத்தில் இன்னொரு ஆட்டம் ஆட வேண்டாம். ஊழியர் சொன்னாலும் வேண்டாம். திரை மாறிவிடும்.

2. திரை முழுவதும், இயந்திரத்தின் எண், நேரம், பிழைச்செய்தி எல்லாம் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். பரிசு அட்டவணைத் திரையையும் சேர்த்து எடுக்க வேண்டும். அந்தத் தொகை விதியில் இருக்கிறதா என்பதற்கு அதுவே சான்று.

3. சிறு தொகையைக் கொடுத்து எதிலாவது கையெழுத்துக் கேட்டால் படிக்காமல் போடக் கூடாது. மீதியைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருக்கலாம்.

4. ஒழுங்குமுறை வாரியத்தை அழைக்கும்படி அங்கேயே கேட்க வேண்டும். அவர்கள் வரும்வரை இயந்திரத்தைத் திறக்காமல் முத்திரையிட்டு வைக்கும்படி எழுத்தில் கோர வேண்டும்.

5. கேமராக் காட்சிகளை என்றென்றும் வைத்திருக்க மாட்டார்கள். அவற்றை அழிக்காமல் வைக்கும்படி கேட்கும் கடிதம் வழக்கறிஞர் மூலம் சில நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும்.